கொம்பு விழுந்த மாதங்கள்

என்னை முகாமில் வேலைக்கு வைத்ததற்கு என் அறிவு காரணமில்லை, தொண்டைதான் காரணம். இலங்கையில், மஸ்கெலியாத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அது. கப்பலேறித் திரும்பி வந்த எங்கள் சனத்தைக் குன்னூருக்குக் கீழே ஒரு பழைய தேயிலைக் கிடங்கில் இறக்கி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமைதோறும் முற்றத்தில் பெயர் கூப்பிட்டு வீடும் வேலையும் ஒதுக்குவார்கள். மூடுபனியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது, குரலாவது போய்ச் சேரவேண்டும். அதற்குத்தான் நான். செல்லையாவின் மூளையைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

சட்டம் எளிது. குடும்பத் தலைவன் பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். அவன் முன்னால் வந்து "நான்தான்" என்று சொல்லி, பாஸ்போர்ட்டைக் காட்டி, கைநாட்டு வைத்தால் மலையிலேயே தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசையில் ஒரு வீடு. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பெயரை அடித்துவிட்டு, குடும்பத்தைச் சமவெளி லிஸ்ட்டில் சேர்ப்பார்கள். கீழே நூல் மில்லில் வேலை. அன்றைக்கே லாரி.

எங்களுக்குச் சமவெளி என்றால் வியர்வை. மரையாட்களுக்கு அது சாவு.

மரையாட்களை இந்தப் பக்கத்தில் கடமான் சனம் என்கிறார்கள். எங்களோடுதான் அக்கரைக்குப் போனார்கள், எங்களோடுதான் திரும்பி வந்தார்கள். நம்மைப்போல இரண்டு காலில்தான் நடப்பார்கள், ஆனால் பாதம் குளம்பு. உடம்பெல்லாம் தேங்காய்நார் மாதிரி முரட்டு மயிர். வாயைவிடக் காதுதான் அதிகம் பேசும். பொய் சொன்னால் காது பின்னால் மடிந்துவிடும் என்பதால் அவர்களில் ஒருவர்கூடக் கணக்கப்பிள்ளை ஆனதில்லை. ஆண்களுக்குக் கொம்பு உண்டு. அந்த மயிர்ப் போர்வைக்குள் பனி ஏறாது. வெயில் ஏறிவிட்டால் இறங்காது. சித்திரையில் ஒன்பது மரைக் குடும்பங்களை மில்லுக்கு அனுப்பினோம். ஆனி பிறப்பதற்குள் ஆறு பேர் போய்விட்டதாக லாரி டிரைவர் சொன்னான். அதில் நான்கு குழந்தைகள். அந்த ஒன்பது பெயர்களையும் நான்தான் கூப்பிட்டேன். தெளிவாக, உச்சரிப்புச் சுத்தமாக, மூன்று மூன்று தரம்.

அவர்கள் ஏன் பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

மரையாணுக்கு வருஷம் ஒருமுறை கொம்பு விழும். விழுந்த கொம்பைப் புதைப்பார்கள். அதோடு அவன் பெயரையும் புதைத்துவிடுவார்கள். புதுக்கொம்பு முளைத்து, முற்றி, மேல்தோல் உரியும்வரை அவனுக்குப் பெயர் கிடையாது. கடைசியாகச் சாப்பிடுவான். வெளியாட்களோடு பேசமாட்டான். வீட்டுக்கு மனைவிதான் தலை. அந்த மாதங்களில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் பதில் சொல்லக்கூடாது. சொன்னால் பெயர் பிஞ்சிலேயே மண்ணைவிட்டு வெளியே வந்துவிடும், பிறகு எத்தனை கொம்பு முளைத்தாலும் அவனோடு ஒட்டாது. பெயர் ஒட்டாதவன் செத்தவன். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக்கூட இது தெரியும். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் அந்த மாதங்களில் மனைவி பெயரைத்தான் கூப்பிடச் சொல்வார். அந்த மனுஷனுக்கு வேறு நல்ல குணம் எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை.

ஆடி மாதம் இருளப்பன் வந்து இறங்கினான். மஸ்கெலியாவில் எனக்குப் பக்கத்து லயத்துக்காரன். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆறு மைல் முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் போட்டவன். நான் அவன் கொம்பு இரண்டையும் பிடித்துக்கொண்டு போனேன். அந்த ஜுரத்திலும் எனக்கு ராஜா என்று நினைப்பு. இப்போது அந்தத் தலையில் இரண்டு தழும்புகள்தான் இருந்தன. ஒரு கொம்பு கப்பலில் விழுந்ததாம், மற்றது மண்டபம் முகாமில். இரண்டையும் அங்கே மணலில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் காது மட்டும் ஒருமுறை முன்னால் வந்து போனது. பேசியது அவன் மனைவி சின்னம்மை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"அண்ணே, நம்ம முறை எப்ப?"

"வர்ற வியாழன். ஆனா இவன் பேரைத்தான் கூப்பிடுவாங்க, சின்னம்மை."

"இவருக்கு ஏது இப்ப பேரு? என் பேரைக் கூப்பிடச் சொல்லுங்க."

"நான் சொன்னாக் கேக்குறதுக்கு நான் என்னா கலெக்டரா?"

"தொண்டை மட்டும் கலெக்டரு மாதிரி இருக்கே!"

அந்தத் தொண்டையை எடுத்துக்கொண்டு முகாம் சூப்பிரண்டு லூயிஸிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. பாரத்தில் கட்டம் இருந்தால் நிரப்புவார், கட்டமில்லாத விஷயம் அவருக்கு உலகத்திலேயே இல்லை.

"சார், மரையாட்களுக்கு மட்டும் பொஞ்சாதி பேரைக் கூப்பிட்டா நல்லாருக்கும்."

"ஏனப்பா செல்லையா, பாரத்துல என்ன போட்டிருக்குது? குடும்பத் தலைவர். அவரு உசுரோட இருக்காரா, இல்லியா?"

"இருக்காரு சார். பேருதான் மண்ணுக்குள்ள இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு லீவு வேணும்னா நேரா கேட்டுப்போடு. எதுக்கு இப்படிச் சுத்தி வளைக்கிற?"

"நெசமாத்தான் சார். போன தடவை ஒன்பது குடும்பம்..."

"அவரு செத்துப்போயிருந்தா அந்தம்மா பேருக்கு மாத்திக்கலாம். சர்டிபிகேட் கொண்டா, இப்பவே மாத்தறேன். வந்து நிக்காதவங்களுக்கு வேலை வேண்டாமாட்ட இருக்குதுன்னு மேல எழுதிப்போட்டேன். நான் வேற என்ன பண்றது?"

மேஜையில் நாலு தட்டுத் தட்டிப் பேச ஆயிரம் வார்த்தை இருந்தது. என் வேலை தற்காலிகம். "சரிங்க சார்" என்றேன்.

வியாழக்கிழமை. முற்றத்தில் மனிதர்களும் மரையாட்களுமாக நூறு பேர் நின்றார்கள். வாசலில் சமவெளி லாரி. எனக்குப் பத்தடி தூரத்தில் இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆண்டி மகன் இருளப்பன்!"

சின்னம்மை முன்னால் வந்தாள். "நான்தாங்க தலை."

லூயிஸ் பாஸ்போர்ட்டை விரித்தார். "இந்தப் படத்துல ஆறு கெளை கொம்பு இருக்குதுங்களேம்மா. உங்களுக்கு இருக்குதுங்களா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பிரண்டு சொன்னால் சிரிப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. சின்னம்மை என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டாம் தரம் எனக்கே கேட்காத குரலில் கூப்பிட்டேன். "தொண்டை கட்டிப்போச்சா?" என்றார் லூயிஸ். திரும்பக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

மூன்றாம் தரத்துக்கு முன்னால் இருமினேன். லிஸ்ட்டைச் சேற்றில் போட்டேன், எடுத்து வேட்டியில் துடைத்தேன். மறுபடி இருமினேன். என் திட்டம் இவ்வளவுதான். இருமலை நம்பி ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"ம்" என்றார் லூயிஸ்.

லாரி டிரைவர் என்ஜினைக் கிளப்பினான். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டது. இருளப்பன் தலையைத் தூக்கிக் குழந்தையைப் பார்த்தான்.

"ஆண்டி மகன் இருளப்பன்!"

"நான்தான்" என்றான்.

முற்றத்திலிருந்த மரையாட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பினார்கள். கல்தரையில் குளம்புகளின் சத்தம் ஒருமுறை கேட்டு அடங்கியது. சின்னம்மை குனிந்து சேற்றை அள்ளி இரண்டு காதிலும் பூசிக்கொண்டாள். அவர்களில் புருஷன் செத்தால் அப்படிச் செய்வார்கள்.

"படத்துல கொம்பு?" என்றார் லூயிஸ்.

"விழுந்துருச்சுங்க."

"சரி, கைநாட்டு வை." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? கூப்பிட்டா வர்றாங்க. நீதான் என்னமோ கதை சொன்னே."

குன்னூருக்கு மேலே ஒரு தோட்டத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. முகாம் காலியானதும் எனக்கும் அங்கேயே பெரட்டில் ஆள் கூப்பிடும் வேலை கிடைத்தது. அந்த வீட்டில் சின்னம்மையும் குழந்தையும் இருந்தார்கள். இருளப்பன் கடைசி லயத்துக்குப் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையில் இருந்தான். செத்தவன் வீட்டுக்குள் வரக்கூடாது. அவனோடு பேசுவதும் கூடாது. சர்க்கார் காகிதத்தில் மட்டும் அவன் உயிரோடு இருந்தான், குடும்பத் தலைவனாக. தினமும் காலையில் நான் அவன் பெயரைக் கூப்பிடுவேன். "நான்தான்" என்பான். அவன் ஆட்களில் ஒரு காதுகூடத் திரும்பாது.

சாயங்காலம் வீட்டுப் பின்சுவரில் சின்னம்மை ஒரு தட்டில் சோறு வைப்பாள். செத்தவர்களுக்குப் பதினாறு நாள் அப்படி வைப்பது அவர்கள் வழக்கம். இருளப்பன் வந்து எடுத்துப்போவான். இருபதாம் நாள் தாண்டியும் தட்டு இருந்தது.

"பதினாறு முடிஞ்சிருக்குமே, சின்னம்மை?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"இன்னும் முடியலேண்ணே. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். காது இரண்டும் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டிக்கிடந்தன.

ஐப்பசியில் அவனுக்குக் கொம்பு முளைத்தது. செத்துப்போன சங்கதியை யாரும் உடம்புக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பூனைமயிர் போர்த்த இரண்டு மொட்டுகளும் ஒரு மாதத்தில் முழ நீளமாயின. எனக்கு சந்தோஷம். சர்க்கரை வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வாசலில் வந்து நின்றான்.

"செல்லையாண்ணே, கவ்வாத்துக் கத்தி இருக்கா?"

"ஞாயித்துக்கெழமை என்னா செடி வெட்டப் போற?"

"இந்தச் செடிதான்" என்று தலையைத் தொட்டான்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. செத்தவன் தலையில் கொம்பு முற்றினால் அது பேய். பேய் நடமாடுகிற மலையில் அவன் குடும்பம் இருக்கக்கூடாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அவர்கள் ஆட்கள் கூடிப் பேசிவிட்டார்கள். கார்த்திகை முடியும்வரை கெடு.

"எறங்கினா எங்க போவாங்க? மில்லுக்குத்தான்" என்றான்.

"இப்ப வெட்டினா அடுத்த வருஷமும் மொளைக்குமேடா?"

"அடுத்த வருஷமும் கவ்வாத்து. தேயிலைக்கு மட்டுந்தான் செய்வீங்களா?"

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும், இருளப்பா."

"மயங்கினா தூக்கிட்டுப் போறேன். பழக்கந்தானே."

அவன் பேசிய கடைசி வேடிக்கை அதுதான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு அடிமரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பிஞ்சுக் கொம்பு காய்ந்த கொம்பைப்போல இல்லை. கையில் பிடித்தால் சுடுகிறது, உள்ளே நாடி துடிக்கிறது. முதல் வெட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டதால் சரியாக விழவில்லை. அதற்கும் சேர்த்து இன்னொன்று போடவேண்டியிருந்தது. இரண்டாவது கொம்பைக் கண்ணைத் திறந்துகொண்டுதான் வெட்டினேன்.

ரத்தம் நிற்கவேயில்லை. என் துண்டு நனைந்து, சட்டை நனைந்து, நான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மை வந்தாள். கையில் காப்பித்தூள் டப்பா. மூன்றடி தள்ளி நின்று என்னிடம் நீட்டினாள். அவனைப் பார்க்கவில்லை.

"வலது பக்கம் ரொம்ப வடியுதுண்ணே. நல்லா அள்ளி அப்புங்க."

அப்பினேன்.

"எரியுதான்னு கேளுங்க."

"எரியுதாடா?"

"கொஞ்சம்னு சொல்லுங்கண்ணே" என்றான்.

"கொஞ்சம் எரியுதாம்" என்றேன்.

அவள் போகவில்லை. "பாப்பா நடக்க ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவன் அடிமரத்திலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தான். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு கையைப் புடிச்சிக்கிட்டுன்னு கேளுங்க" என்றான்.

கேட்டேன்.

"செவுத்தைப் புடிச்சிக்கிட்டுன்னு சொல்லுங்க."

சொன்னேன். டப்பாவில் தூள் தீர்ந்துவிட்டது. அவள் தன் முந்தானையைக் கிழித்து என்னிடம் கொடுத்தாள், நான் கட்டினேன்.