பித்தளைக்கும் சேர்த்து மருந்து

எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், புற்றுநோய் வார்டின் ஜன்னலோரப் படுக்கையில் ஒரே ஒரு கவலையோடு படுத்திருந்தார். எடை குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அது. நோயைப் பற்றிக் கவலை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் நோய் டாக்டர்களின் வேலை. எடை தன்னுடைய இலாகா என்று அவர் நினைத்தார்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அவர் சேர்ந்த புதிதில் பக்கத்துப் படுக்கையில் ஒரு தச்சர் இருந்தார். கட்டில் கால் கோணலாக இருக்கிறது என்று நர்சுகளிடம் தினமும் சண்டை பிடிக்கிற ஆள். ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து, எடை ரொம்ப இறங்கிவிட்டது, இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, வீட்டுக்குப் போய்த் தேறி வாருங்கள் என்று தச்சரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். தச்சர் போனார், வரவில்லை. அவருடைய மகள் மட்டும் ஒரு நாள் வந்து, கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன செருப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஆய்வாளர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்: இங்கே ஆளைக் கொல்வது நோய் இல்லை, தராசு.

சாப்பிட்டால் எடை ஏன் குறையப்போகிறது என்று கேட்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். மருந்து ஏறிய நாளிலிருந்து அவருடைய வாயெல்லாம் புண். வெறும் தண்ணீரே துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருந்தது. சாப்பாட்டு வண்டியோ, அவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரமாகப் பார்த்துத்தான் வரும். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன ஸ்கேன் மதியத்துக்குத் தள்ளிப்போகும், மதியத்து ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப்போகும், வயிறு மட்டும் அதே இடத்தில் காத்துக் கிடக்கும். திரும்பி வந்து பார்த்தால் மூடி போட்ட தட்டு கைக்கெட்டாத மேஜையில் பத்திரமாக இருக்கும். சூப்பின்மேல் ஆடை படிந்திருக்கும். இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி ஒருவர் சாப்பிட்டுத் தேறினால் அது அவருடைய சொந்தத் திறமை.

தட்டில் மிச்சம் வைத்தால் தலைமை நர்சுக்குப் பொறுக்காது. நல்ல மனசுக்காரிதான், குரல்தான் கொஞ்சம் பெரிசு. "இப்படி வச்சா எப்படி சார் தேறுவீங்க?" என்று ஒரு நாள் வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டுவிட்டாள். எத்தனையோ கடைக்காரர்களை நடுக்கடையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவருக்கு, ஆறிப்போன சூப்புக்காகத் தலைகுனிய வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீ சாப்பிட்டுவிடு என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புருஷனுக்கு வந்த சோற்றை நாமே தின்கிறோமே என்று அவள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனாலும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு தட்டுகள் கழுவி வைத்தது போலத் திரும்பிப் போயின. 'நன்றாகச் சாப்பிட்டார்' என்று நர்சுகள் குறித்துக்கொண்டார்கள். யார் சாப்பிட்டார் என்று படிவத்தின் அந்தக் கட்டத்தில் கேட்கவில்லை.

தட்டை ஏமாற்றியாயிற்று. வாரத்துக்கு ஒரு தடவை வார்டுக்குள் உருட்டிக்கொண்டு வரும் தராசை என்ன செய்வது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் நீல வெல்வெட் பெட்டியில் ஒரு செட் பித்தளை எடைக்கற்களைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரச் சொன்னார். பாவம், பழைய நாட்களை நினைத்து ஏங்குகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கல்லையும் துணியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எடை பார்க்கிற காலையில் குளியலறைக்குள் போய், ஒரு பழைய சாக்ஸுக்குள் கல்லைப் போட்டு, ஆஸ்பத்திரிப் பைஜாமாவின் நாடாவில் உள்பக்கமாகக் கட்டிக்கொள்வார். உடம்பு இறங்க இறங்கக் கல் ஏறியது. தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவன், காந்தம் வைத்தவன், கட்டை விரலால் அழுத்தியவன் என்று ஊரில் ஒருத்தனையும் விட்டுவைக்காத மனிதர் அவர். இப்போது செய்வதும் அதே திருட்டுத்தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மோசடிக்குக்கூட முத்திரை குத்திய அசல் எடைக்கற்களைத்தானே உபயோகிக்கிறோம் என்பதில் ஒரு சின்ன நிம்மதி.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்து, எடை அப்படியே நிற்கிறது, சபாஷ் என்றார். ஏறெடுத்துப் பார்த்திருந்தால், சபாஷ் வாங்கியவருடைய கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறிப்போயிருந்தது தெரிந்திருக்கும். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன. மோதிரம் எப்போதோ மனைவியின் பைக்குப் போய்விட்டது. ஆனால் ஆள் மெலிகிறார் என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வழக்கம் அந்த வார்டில் இல்லை. அதை எந்திரம்தான் சொல்ல வேண்டும். எடை இறங்கியவர்களை மட்டும் தேடித் தேடிப் போய், என்ன பிடிக்கும், எதை விழுங்க முடியும் என்று கேட்டுத் தனியாகச் சாப்பாடு ஏற்பாடு செய்ய ஒரு உணவு ஆலோசகர் இருந்தார். அவர் ஜன்னலோரப் படுக்கையைத் தாண்டும்போதெல்லாம் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். நன்றாகச் சாப்பிடுகிற, எடை குறையாத மனிதரிடம் அவருக்கு என்ன வேலை?

கண் இருந்தது தலைமை நர்சுக்கு மட்டும்தான். ஒரு நாள் ஊசி போடக் கையைப் பிடித்தவள், பிடித்தது கைதானா என்று மறுபடி பார்த்தாள். இந்தக் கைக்கும் அந்த எடைக்கும் சம்பந்தமே இல்லையே என்று யோசித்தாள். இத்தனை கௌரவமான மனுஷன் பொய் எடை காட்டுவார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் தராசுதான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, எடை அளவைத் துறைக்குப் புகார் கொடுத்துவிட்டாள்.

எடை பார்க்கும் நாளாகப் பார்த்து வந்து நின்றார், இவருடைய இடத்துக்கு வந்திருந்த புது ஆய்வாளர். பழைய மேலதிகாரியைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போயிற்று. நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, கொண்டுவந்த சோதனைக் கற்களைத் தராசில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முள் நூல் பிசகாமல் நின்றது. கல் வைத்தால் சரி, சார் ஏறினால்தான் தப்பு என்று நர்ஸ் விடாப்பிடியாக நின்றாள். சாக்ஸும் கல்லுமாகத் தயாராக இருந்தவரை மெதுவாகத் தூக்கி ஏற்றினார்கள். முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

புது ஆய்வாளர் முள்ளைப் பார்த்தார். மேலே நின்ற மனிதரைப் பார்த்தார். தன் சோதனைக் கற்களை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று ஒரு நிமிஷம் திண்டாடினார். பிறகு பையிலிருந்து 'பழுது' என்று போட்ட சிவப்பு வில்லையை எடுத்துப் பின்பக்கக் காகிதத்தை உரித்தார்.

கிழவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்தத் தராசு குடோனுக்குப் போகும், வேறு ஒன்று வரும், அதையும் ஏமாற்றிவிடலாம். டாக்டர் தோளைத் தட்ட மாட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து யாரும் செருப்பை எடுத்துப் போக மாட்டார்கள். எல்லாம் அவருக்குப் புரிந்தது. ஆனால் காலுக்குக் கீழே நிற்கிற எந்திரம் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஏறிய மனுஷனையும் பித்தளையையும் கூட்டி உள்ளபடி சொல்லியிருக்கிறது. அதன் நெற்றியில் பொய்யன் என்று ஒட்டப் போகிறார்கள். தன் உடம்பைப் பட்டினி போட்டபோது வராத ரோஷம், தராசுக்காக அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அதை ஒட்டாதப்பா," என்றார். "தராசு சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

நாடாவை அவிழ்த்து, சாக்ஸை வெளியே எடுத்து, கற்களை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் வைத்தார். மனைவி தான் தேய்த்துக் கொடுத்த பளபளப்பைப் பார்த்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். மறுபடி ஏறி நின்றபோது முள் எங்கோ கீழே போய் நின்றது. புது ஆய்வாளர் சிவப்பு வில்லையைக் கசக்கிப் பைக்குள் போட்டார். பழையவரே குனிந்து பார்த்து, கடைக்காரனிடம் சொல்கிற அதே குரலில் உரக்க வாசித்தார். அப்புறம் அப்படியே கட்டிலில் சரிந்தார்.

டாக்டர் ஓடி வந்தார். விஷயம் கேட்டதும் அவருக்குக் கோபம், அதைவிடப் பயம். எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு கணக்குப் போடுகிறோம் என்றார். "பித்தளைக்கும் சேர்த்துல்ல சார் மருந்து ஏத்தியிருக்கோம். வாய் இப்படிப் புண்ணானதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். தட்டில் வந்ததையெல்லாம் சாப்பிட்டது தான்தான் என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்ப என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா, அந்தத் தச்சர் மாதிரி?" என்று கேட்டார் கிழவர்.

டாக்டர் பக்கத்துப் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார். கோணல் கால் கட்டிலில் இப்போது வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். "அவரை நாங்க முன்னாடியே கவனிச்சிருக்கணும்," என்றார் கடைசியில். "நீங்க எங்கயும் போக வேணாம். முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் மருந்து."

உணவு ஆலோசகர் அன்று மத்தியானமே வந்தார். வணக்கத்தோடு நிற்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காரமில்லாமல், சூடில்லாமல், புண்ணில் எரியாதபடி ஒரு கிண்ணத்தில் கூழ் போல ஏதோ வந்தது. விழுங்க முடியவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். மேஜை கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்ந்து வந்தது. இதைச் செய்ய ஒரு மனிதர் இத்தனை கிலோ இளைக்க வேண்டியிருந்தது.

மனைவி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார். கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பழக்க தோஷத்தில் அவள் கை அதை நோக்கிப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் எலும்பாக இருந்தாலும் பிடி இறுக்கமாக இருந்தது.

தலைமை நர்ஸ் வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. எவ்வளவு சார் சாப்பிட்டீங்க என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.

"மூணு ஸ்பூன்," என்றார் ஆய்வாளர். "நாலுன்னு எழுதிடாதீங்க."