முன்வரிசைக்காரர்

ஆலயத்தின் முன்வரிசையில் எண்ணெய் வியாபாரிக்கென்று ஓர் இருக்கை உண்டு. கடவுளே வந்தாலும் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

நகர வாசலில் ஆடு மேய்ப்பவன் ஒருவன் தினமும் கத்திக்கொண்டிருந்தான். ஏழையை மிதித்துக் கொழுத்த வீடுகளைக் கடவுள் எதிரியின் கையாலேயே பிடுங்கப்போகிறாராம். வியாபாரி அதை ரசித்துக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுறான். கோயில்ல என் பக்கத்துல உக்கார்ற அந்தத் தானியக்காரனுக்குத்தான் உறைக்கல."

மைத்துனன் சிரித்தான். "விடுங்க மாமா. கடவுள் வீடே நம்ம ஊர்லதான் இருக்கு. வீட்டுக்காரர் உள்ள இருக்கும்போது கூரையில தீ வைப்பானா எவனாவது?"

வைத்தார்கள். மதில் விழுந்தது. எதிரிப் படை ஊரையே சந்தைத் திடலுக்கு ஓட்டிவந்தது.

பிடிபட்ட ஊர்களில் பெரிய மனிதர்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறார்கள், கூலிக்காரர்களை விட்டுவிடுகிறார்கள் என்று வியாபாரியின் மனைவி முன்பே கேள்விப்பட்டிருந்தாள். சொன்னால், "பெரிய மனுஷனைக் கட்டுவானா? உக்கார வெச்சுப் பேசுவான்டி" என்றார் அவர். அவள் தானும் கந்தல் உடுத்தி, மூத்த மகனுக்கும் தோட்டக்காரனின் கிழிசலை மாட்டி, முகத்தில் கரி பூசித் தண்ணீர் சுமப்பவர்கள் நடுவே நிறுத்தியிருந்தாள்.

"ஊர்ப் பெரியவங்க முன்னாடி வாங்க" என்றான் படைத்தலைவன்.

வியாபாரி தானியக்காரரை முழங்கையால் இடித்துவிட்டு முன்னே போய் நின்றார். தானியக்காரர் விடுவாரா? தன் இரண்டு மகன்களையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "எனக்கு வாரிசு இருக்கு. உங்க பக்கம் காலியா இருக்கே?" என்றார்.

வியாபாரிக்கு ரோஷம் தலைக்கேறியது. கூட்டத்தைக் கண்ணால் துழாவினார். மனைவி வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"டேய்! கண்ட கூட்டத்தோட அங்க என்னடா பண்ற? வா இங்க! என் மூத்த பையன்யா இவன்!"

"ஐயோ, அது தோட்டக்காரன் மகன் சாமி!" என்று அலறினாள் அவள்.

"பைத்தியக்காரி! வேலைக்காரனுக்கு இந்த மூக்கு வருமா?"

சிப்பாய் இரண்டு மூக்குகளையும் பார்த்தான். சந்தேகமே இல்லை. இருவர் கழுத்திலும் ஒரே கயிறு விழுந்தது.

அவள் ஓடிவந்து சிப்பாயின் கையைப் பிடித்தாள். "என்னையும் கட்டு. நான் அவர் பொண்டாட்டி. இவன் நான் பெத்த புள்ள."

சிப்பாய் அவள் கந்தலைப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்று வியாபாரியிடம் கேட்டான்.

தானியக்காரரும் அந்தக் கந்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.