பூட்டச் சொன்னேன், பூட்டினார்

எங்கள் வீட்டு அலுமாரி நாலு மீட்டர் நீளம். என் மனைவி சிசிலி மூன்றரை என்பாள். அவள் அளவுநாடாவை நம்புகிறவள். ஜேர்மனியின் எசன் நகரில் இந்த வீட்டை நாங்கள் வாங்கிய நாளில், பழைய சொந்தக்காரர் அதை வரவேற்பறையில் விட்டுவிட்டு ஓடித் தப்பினார். அறைக்குள்ளேயே வைத்துச் செய்த ஓக் மரம், வாசலால் வெளியே போகாது என்றார். இருபத்தாறு வருடமாக அந்த அறையில் நாங்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடந்தோம்.

இப்போது பென்சன் எடுத்து, வீட்டை விற்று, இரண்டறை ஃபிளாட்டுக்குப் போகிறோம். வீட்டை ‘பெசன்ரைன்’ ஆகக் கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தாயிற்று. அதாவது ஒரு சாமானும் இல்லாமல், கூட்டித் துப்புரவாக. நாள், வரும் வெள்ளிக்கிழமை. பழைய தளபாடம் ஏற்றுகிறவர்களிடம் வந்து ஏற்ற ஒரு டெர்மின் கேட்டால் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பொறுக்கச் சொல்கிறார்கள். ஆகவே அந்த மிருகத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டும். கையில் இருந்ததோ ஒரேயொரு தலை: வீட்டை வாங்கிய ஜெயகாந்த், கோயம்புத்தூர்ப் பிள்ளை, சொஃப்ட்வெயர் வேலை.

செவ்வாய் காலை அவர் திரைச்சீலைக்காக யன்னல் அளக்க வந்தார்.

“நூறு யூரோ தாங்கோ தம்பி. இந்த மரத்துக்கு அரண்மனைக்காரர் வரிசையில நிக்கினம்.”

“நல்லாத்தான் இருக்குதுங்க அங்கிள். ஆனா இவ்ளோ பெரிய பீரோ எங்களுக்கு எதுக்குங்க?”

“உள்ளுக்கு ஒரு குடும்பமே குடியிருக்கலாம். இஞ்ச பாருங்கோ.”

உடுப்புத் தொங்கவிடும் பகுதி வெறுமையாக இருந்தது. ஏறி நின்றேன். முழங்கால் இரண்டு தடவை ஆட்சேபித்தது.

“இப்ப கதவைப் பூட்டிப் பாருங்கோ. ஒரு கிரீச் கேக்காது.”

யாழ்ப்பாணத்தில் கதவைப் பூட்டு என்றால் சாத்து என்று பொருள். கோயம்புத்தூரில் என்ன பொருள் என்பதை இருட்டில் நின்று படித்தேன். டக்.

“தம்பி, திறப்பைப் போட்டுத் திறவுங்கோ.”

“எந்தத் திறப்புங்க அங்கிள்? ஒரு சந்துகூட இல்லீங்களே.”

“திறப்பு தம்பி, திறப்பு. இப்ப நீங்கள் திருகினது.”

“ஓ, சாவியா.” பிறகு ஒரு சின்னச் சத்தம். “அங்கிள், சாவி பாதி என் கையில இருக்குதுங்க.”

மற்றப் பாதி பூட்டுக்குள் இருந்தது.

அதற்குள் நான் மூன்று நாள் கிடந்தேன். சிசிலி இருபது நிமிடம் என்பாள். நிமிர்ந்தால் தலை இடித்தது, குனிந்தால் முழங்கால் இடித்தது. பூச்சி உருண்டை மணம் மூக்கில் குடியேறியது. காற்றைச் சிக்கனமாக இழுத்தேன். வாழ்நாள் முழுவதையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்து, நேரம் மிஞ்ச, இரண்டாம் தரமும் பார்த்தேன்.

குசினியிலிருந்து சிசிலி வந்தாள்.

“இஞ்சாருங்கோ, உயிரோட இருக்கிறியளோ?”

“அரைவாசி.”

“அப்ப அரைக் கோப்பைத் தேத்தண்ணி போடுறன்.”

பிடித்து நிற்க ஏதாவது கிடைக்குமா என்று தடவினேன். விரலில் ஒரு நட்டு தட்டுப்பட்டது. இரண்டு காது வைத்த நட்டு, கையாலேயே திருகலாம். கதவின் பிணைச்சலில் நாலு. பக்கப் பலகையில் நாலு. கூரையில் நாலு. வாசலால் போகாத அலுமாரி, உள்ளிருந்து கழற்றுகிற அலுமாரி. இருபத்தாறு வருடமாக எங்கள் உடுப்புகளுக்குப் பின்னால் இந்த இரகசியம் தொங்கியிருக்கிறது.

நாலு நட்டைத் திருகினால் எனக்கு விடுதலை. ஜெயகாந்துக்கும் விடுதலை: கழட்டி எடுத்துட்டுப் போங்க அங்கிள் என்பார். அந்தப் பலகைகள் எங்கள் ஃபிளாட்டில் வந்து படுத்தால், நாங்கள் படுக்க இடம் இராது. வெளியே போனால் அலுமாரி என் தலையில், உள்ளே இருந்தால் நான் அதன் வயிற்றில்.

வயிற்றிலேயே இருந்தேன். கொஞ்சம் முனகவும் செய்தேன்.

“அங்கிள், என்ன ஆச்சுங்க? தீயணைப்புக்கு போன் பண்ணட்டுங்களா?”

“வேண்டாம் தம்பி. பூட்டு உடைஞ்ச அலுமாரியை இனி ஆர் வாங்கப் போகினம் எண்டு யோசிச்சன்.”

வெளியே நின்றது நல்ல வளர்ப்பு.

“நான்தானுங்க உடைச்சேன். நானே வச்சுக்கறேன்.”

“எழுதித் தாங்கோ.”

யன்னல் அளவு குறித்த கடதாசி கதவின் கீழால் உள்ளே வந்தது. கீற்று வெளிச்சத்தில் அதன் பின்பக்கத்தை வாசித்தேன்: ‘இந்த பீரோவை இருக்கிற இடத்திலேயே நூறு யூரோவுக்கு வாங்கிக்கொள்கிறேன்.’ கையெழுத்தும் இருந்தது. சட்டைப் பையில் வைத்தேன். பிறகு விரல் நோக நாலு நட்டையும் திருகி, கதவை மெல்ல வெளியே தள்ளினேன்.

ஜெயகாந்த் கதவைத் தாங்கிப் பிடித்தார். என் உள்ளங்கை நட்டுகளைப் பார்த்தார். எட்டிப் பக்கப் பலகையைப் பார்த்தார். கணினிக்காரர், உடனே விளங்கிவிட்டது.

“அங்கிள், இது கழட்டுற பீரோங்க.”

“ஓம் தம்பி.”

“எப்பத் தெரிஞ்சுதுங்க?”

“இருட்டில மணி பார்க்க ஏலாது.”

சிசிலி தேத்தண்ணியை என்னைத் தாண்டிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். கோப்பை நிறைய இருந்தது.

“மேல ஒரு கட்டிலும் கிடக்கு தம்பி. ஒருக்காப் படுத்துப் பாருங்கோவன்.”

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாக்கறேங்க ஆன்ட்டி. அங்கிள் ரூம் கதவைப் பூட்ட மாட்டாருங்களே?”