மாநிலத்திலேயே மலிவான ஊர்

மாநிலம் முழுக்க எந்த ஊரில் என்ன சம்பளம், பிழைக்க என்ன செலவு என்று வருஷத்துக்கு ஒரு பட்டியல் வரும். அதற்குத் தன் ஊர்க் கடைகளில் விலை கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி, அதே இருபது கடை, அதே சாமான்கள். கடைக்காரர்கள் வைத்த பெயர் விலையக்கா. விலை எழுதுகிற கடையில் எதையும் வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. பதினோரு வருஷமாக அதை இம்மி பிசகாமல் காப்பாற்றி வந்தாள்.

இந்த வருஷப் பட்டியல் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. சம்பளத்தில் அவள் ஊருக்குக் கடைசிக்கு முந்தைய இடம். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. செலவிலோ மாநிலத்திலேயே மலிவான ஊராம். இவ்வளவு மலிவான ஊரில் அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி எதற்கு என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. மூன்றில் ஒரு பங்கை வெட்டப் போவதாகக் கடிதம் வந்தது.

அரசு பஸ் ஓட்டும் அவள் கணவன் சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"பத்து முட்டை அறுபதுன்னு எழுதியிருக்கியே, அந்தக் கடை எங்கன்னு எனக்கும் சொல்லேன். நான் எழுபத்தஞ்சு குடுத்து வாங்கிட்டு வரேன்."

"அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"டிப்போல கேக்கறாங்க, உன் பொண்டாட்டி வீட்ல உக்காந்தே எழுதறாளான்னு. படியை வெட்டிட்டா வாடகையே குடுக்க முடியாது, தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? வாடகைக் கவலை ஒரு பக்கம். அதைவிட, கால் தேய நடந்தவளைப் பொய்க்காரி என்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காலையிலேயே பையும் கையுமாக இருபது கடையும் ஏறி இறங்கிவிட்டு, பதினொரு மணிக்குத் தன் தாளை அவள் மேஜையில் வைத்தார். அவளுடைய தாளோடு ஒரு வரிகூட ஒத்துப்போகவில்லை. வேலை போயிற்று என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"வாங்கம்மா, சேர்ந்து போய்க் கேப்போம்" என்றார் அவர்.

முட்டைக் கடைக்காரன் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "பத்து முட்டை அறுபதுக்கா."

"காலைல எனக்கு எழுபத்தஞ்சுன்னீங்களே?"

"நீங்க யாரோ எவரோ சார். இவங்க மாசம் தவறாம வந்து விலை கேப்பாங்க. கேட்டுட்டு, வாங்காமலே போயிடுவாங்க. பாவம், கட்டுப்படி ஆகலை போலன்னு நானா கொஞ்சம் கொறச்சேன். அப்பவும் வாங்கலை. இன்னும் கொஞ்சம் கொறச்சேன்."

"நான் ஆபீஸ்லேருந்து வரேன்னு சொல்லியிருக்கேனே!"

"சொன்னீங்க. கௌரவத்துக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அடுத்தடுத்த கடைகளிலும் இதே கதைதான். முடிவெட்டுகிறவர் மட்டும், அவள் வீட்டுக்காரருக்கு வேலை வெட்டி இல்லை என்று தான் கேள்விப்பட்டதாகக் கூடுதலாக ஒன்று சொன்னார். அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதிகாரி அங்கேயே, நாவிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பழைய விலைகளை அடித்து, காலையில் தான் கேட்ட விலைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்க மேல தப்பில்லம்மா. படி அப்படியே இருக்கும்."

இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அன்று வீட்டில், தனக்கு வேலை இல்லை என்று ஊர் நம்பிய கதையைக் கேட்டு அவள் கணவனுக்குப் புரையேறியது.

மறுமாதம் ஐந்தாம் தேதி போனாள். முட்டைக் கடைக்காரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் சொன்னான். "எழுபத்தெட்டு."

எழுதிக்கொண்டு திரும்பினாள். பின்னாலேயே அவன் குரல் வந்தது.

"அக்கா, நெஜமாவே கட்டுப்படி ஆகுதா?"

"ஆகுதுப்பா" என்றாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.