நிறம் விடாத பூ

வெதுவெதுப்பான பாலில் குங்குமப்பூவைப் போட்டுவிட்டு, சமையல்காரர் மரியமுத்து அடுப்புக்கும் கிண்ணத்துக்குமாக நாலு தடவை நடந்தாகிவிட்டது. பால் வெள்ளையாகவே கிடந்தது.

குரும்பகரத்தில் சகாயம்மாள் மகளுக்குக் கல்யாணம். எண்பத்தொன்றாம் வருஷம். பிரான்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த சகாயம்மாளின் தம்பி மைக்கேல்ராஜ், பிரியாணிக்கென்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா கொடுத்திருந்தான். ஒரு பூவுக்கு மூணே இழையாம். விடியற்காலையில் கையால் பறிக்க வேண்டுமாம். ஒரு கிராமுக்கு நூற்றைம்பது பூவாவது வேண்டுமாம். விலையைக் கேட்டதுமே மரியமுத்துவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. விலை ஏற ஏறக் கதையும் நீளும் என்பது அவர் கண்ட அனுபவம்.

முப்பது வருஷமாகக் கல்யாணத்துக்குச் சமைக்கிறார். கடைத்தெருப் பொட்டலத்துக் குங்குமப்பூ பாலில் விழுந்ததுமே சிவக்கும். இது அசையவில்லை. தம் போடும் நேரம் வந்துவிட்டது. கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து சனம் வரத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சோற்றை இறக்கினால் பேர் கெடும்.

சகாயம்மாளைக் கூப்பிட்டு, பத்துப் பேர் காதுபடச் சொன்னார்: "ஒந் தம்பிய எவனோ நல்லா ஏமாத்திப்புட்டான் தங்கச்சி. இது பூவே இல்ல, நாரு."

அவள் முகம் சுண்டிப்போனது. பந்தல் பக்கம் போய்விட்டாள். மரியமுத்து கேசரிப் பொடியைக் கரைத்துச் சோற்றின்மேல் தெளித்தார். அண்டாவை மூடி, விளிம்பை மாவால் அடைத்து, மூடிமேல் தணலைப் போட்டார்.

கை கழுவ வந்தபோது ஒரு வாசனை இழுத்தது. கிண்ணத்தைப் பார்த்தார். பால் நல்ல மஞ்சளாகியிருந்தது; இழைகள் மட்டும் சிவப்பாகவே கிடந்தன. விரலை விட்டு நக்கினார். அப்படியானால், விழுந்ததுமே சிவக்கிறதென்று இத்தனை வருஷம் ஊருக்குப் போட்ட பொட்டலமெல்லாம்தான் போலி. மாவு அடைப்பை இப்போது உடைத்தால் தம் போய் அண்டாச் சோறே பாழ். கிண்ணத்தை வாய்க்காலில் கொட்டிவிடலாமா? இரண்டடி வைத்தார். திரும்பினார். மறுபடி வைத்தார்.

பந்தியில் மைக்கேல்ராஜ் இலையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். "பாத்தியாக்கா, நாரா இது? நிறத்தப் பாரு."

மரியமுத்து கிண்ணத்தோடு போய், அதே பத்துப் பேர் நடுவில் நின்றார்.

"அது என் பொடி, தம்பி. ஒன் பூவு இந்தா இருக்கு. ஏமாந்தவன் நாந்தான்."

அவர் நீட்டிய கிண்ணத்தைச் சகாயம்மாள் கையில் வாங்கவில்லை.

"பாயசம் இன்னும் எறக்கல. அதுல ஊத்துங்கண்ணே," என்றாள். "நான் கூட நின்னு பாக்குறேன்."

அவர் முன்னே நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.