மச்சாளின் புள்ளிகள்

மச்சாள் சந்திரகாந்தி கார் ஓடுவார், புள்ளி எனக்கு விழும். இரண்டு வருடமாக எங்கள் குடும்பத்தில் இதுதான் சட்டம்.

மச்சாள் என் புருஷனின் அக்கா. ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். சோறு ஆறக்கூடாது என்று என் புருஷனின் காரில் பறப்பார். கமரா சும்மா விடுமா? கார் இவரின் பெயரில் இருப்பதால், ஓடினது யார் என்று கேட்டுக் கடிதம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இவர் என் பெயரை எழுதுவார், நான் கையெழுத்து வைப்பேன், என் லைசென்ஸில் தண்டப் புள்ளி ஏறும். படத்தில் கண்ணாடி, பொட்டு, கொண்டையோடு ஒரு தமிழ்ப் பெண். கடிதம் அனுப்புகிற கந்தோரில் இருக்கிற வெள்ளைக்காரருக்கு அது மச்சாளா நானா என்று என்ன தெரியப்போகிறது?

"நீ வீட்டிலைதானே இருக்கிறாய் சுலோ. லைசென்ஸ் அலுமாரிக்குள்ளை நித்திரை கொள்ளுது" என்பார் மச்சாள். புருஷனின் அக்காவுக்கு மாட்டேன் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? சிவப்பு விளக்கைத் தாண்டியது இரண்டு தரம், தரத்துக்கு இரண்டு புள்ளி. வேகம் மூன்று தரம், தரத்துக்கு ஒன்று. ஆக ஏழு. எட்டானால் லைசென்ஸைப் பறித்துவிடுவார்கள். ஆறு மாதமாவது பொறுத்து, ஓடத் தகுதியான ஆள்தானா என்று ஒரு சோதனையும் பாஸ் பண்ணினால்தான் திரும்பக் கிடைக்கும்.

பிறகுதான் எனக்கு வேலை கிடைத்தது. இந்த நாட்டில் என் முதல் வேலை. காரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்க வேண்டும். அப்போதுதான் அந்த ஏழும் என் தலையில் ஏறி உட்கார்ந்தன. ஒரு வகுப்புக்குப் போனால் ஒரு புள்ளி குறையுமாம் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஐந்து புள்ளி வரைக்கும் உள்ளவர்களுக்குத்தான் குறைப்பார்களாம். ஒற்றைப் புள்ளி அழிய இரண்டரை வருடம், இரட்டை அழிய ஐந்து வருடம். அவர் பறந்ததற்கு நான் காத்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நத்தை மாதிரித்தான் ஓடினேன். பின்னால் வந்தவன் எல்லாம் ஹோர்ன் அடித்தான். அப்படியும் ஒரு சனிக்கிழமை, இவரின் காரில் கடைக்குப் போகும்போது, ஐம்பதாக இருந்த தெருவை முப்பதாக மாற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஐம்பத்திரண்டில் போனேன். கமரா அடித்தது. அது எட்டாவது புள்ளி.

கடிதம் வந்த அன்றே இவரையும் கூட்டிக்கொண்டு மச்சாளிடம் போனேன். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எடுங்கள், எனக்கு இந்த வேலை வேண்டும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

மச்சாள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு ஒரு புள்ளியும் இல்லை, சுலோ. இவ்வளவு காலமும் சுத்தமா வைச்சிருக்கிறன். பொய் சொல்லி அதைப் பழுதாக்கச் சொல்லுறியே?"

இவரைப் பார்த்தேன். இவர் தேத்தண்ணிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

என் பெயரையே எழுதி அனுப்பினேன். லைசென்ஸ் போனது. அதோடு வேலையும் போனது. பொறுப்பாளர் அம்மா நல்லவர், மிகவும் வருத்தப்பட்டார். அவரும்தான் என்ன செய்வார்? நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த கிழமை மச்சாள் வடைப் பார்சலோடு வந்தார். முகத்தில் அவ்வளவு இரக்கம்.

"ஒண்டுக்கும் யோசியாதை. என்ரை கிச்சினிலை வந்து நில். காலமையிலை நானே வந்து காரிலை ஏத்திக்கொண்டு போறன்."

"வேண்டாம் மச்சாள், உங்களோடை காரிலை ஏற எனக்குப் பயம்" என்றேன். "நீங்கள் எப்பிடி ஓடுறனீங்கள் எண்டு என்ரை லைசென்ஸுக்குத் தெரியும்."