வட்டம் போடும் சேதுலட்சுமி

விசில் சத்தம் காதைத் துளைத்தது. ஒரு முறை அல்ல, விடாமல் நாலைந்து முறை.

சேதுலட்சுமி நீந்துவதை நிறுத்தி, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். எதிரே நீல வள்ளம் நிற்க வேண்டும். வள்ளத்தைக் காணோம். தென்னைமரங்கள் தெரிந்தன. கரையில் அவள் கழற்றிப் போட்ட செருப்புகூடத் தெரிந்தது.

"அக்கா! வள்ளம் இங்கன நிக்கிது. நீங்க வீட்டுக்குக் கெளம்பிட்டீகளா?"

முதுகுக்குப் பின்னால், வள்ளத்திலிருந்து ரூபஸின் குரல். விசில் ஊதியதும் அவன்தான்.

கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்த நூர் நிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "மறுபடியும் வட்டமா?"

மறுபடியும் வட்டம்தான். சேதுலட்சுமிக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். தங்கச்சிமடம் தபால் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் அனிட்டா, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களைச் சேர்த்து நீந்தப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், "எனக்கு நீச்சல் தெரியும்" என்று முதல் ஆளாக வந்து நின்றவள் இவள்.

தெரியும்தான். மூழ்க மாட்டாள். ஆனால் நேராகப் போக மாட்டாள்.

வருடத்துக்கு ஒரு முறை, வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும் நாளில், எல்லோரும் சேர்ந்து பக்கத்து ஊர் அக்காள்மடம் வரை கரையோரமாக நீந்துவார்கள். வளைந்து போனால் படகுகளின் நங்கூரக் கயிற்றில் சிக்க வேண்டியதுதான். அதனால் அனிட்டா ஒரு விதி வைத்திருந்தாள். கரையிலிருந்து வள்ளம் வரை நேராக நீந்தித் தொட்டவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் கூடவே வள்ளத்தில் வரலாம். போன வருடம் சேதுலட்சுமி அப்படித்தான் போனாள், மடியில் பணியார டப்பா, காலடியில் எல்லோருடைய செருப்பு. வெயிலில் காய்ந்துகொண்டு, தண்ணீருக்குள் மற்றவர்கள் கும்மாளமடிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்த வருடப் பயணம் அடுத்த ஞாயிறு. இன்று தொடாவிட்டால் மறுபடியும் செருப்புக்குக் காவல்.

"கெணத்துல நீச்சல் படிச்சவுக, அதான் சுத்தி வாராக" என்றான் ரூபஸ்.

"ஏங்க, நீங்க சும்மா இருங்க" என்று கணவனை அடக்கிவிட்டு, அனிட்டா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தாள். சேதுலட்சுமியைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தாள்.

"தலையத் தூக்குனா இடுப்பு எறங்குதுக்கா. காலு நங்கூரம் மாதிரி இழுக்குது. மூச்சுக்கு வாய் மட்டும் வெளிய வந்தாப் போதும், ஒரு காது தண்ணிக்குள்ளயே கெடக்கட்டும். ஒருக்கா வலது, ஒருக்கா இடது. நீங்க எப்பவும் இடது பக்கமே பாக்குறீக. அதான் அந்தப் பக்கமே வளையுது."

"சரி தாயி. மண்டையில ஏறிருச்சு."

மண்டையில் ஏறியது, கழுத்துக்கு இறங்கவில்லை. நாலு வீச்சு ஒழுங்காகப் போனாள். ஐந்தாவதில் தலை தானாக இடது பக்கம் எழும்பியது. வள்ளம் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. விசில் ஊதியது.

கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தாள். "நான் பணியாரத்தையே பாத்துக்கிறேன், போ."

அனிட்டா அவளை விடவில்லை. இடது பக்கமிருந்து எதுவோ வரும் என்று இவள் பயப்படுவது போலப் பட்டது அவளுக்கு. "அக்கா, கடைசியா ஒருக்கா. நான் ஒங்க இடது பக்கம் ஒட்டியே வாரேன். அங்கன எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன். நீங்க கீழ மணலப் பாருங்க, போதும்."

இருவரும் இறங்கினார்கள். சேதுலட்சுமி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். இடது பக்கம் அனிட்டாவின் கை வீசும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஐந்தாவது வீச்சு வந்தது. கழுத்து எழப்பார்த்தது. பக்கத்தில் சத்தம் கேட்டதும் அப்படியே அடங்கிவிட்டது.

கீழே மணல் வரிவரியாக ஓடியது. கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடியது. புல்லுக்கு நடுவே ஒரு நட்சத்திரமீன், யாரோ வைத்துவிட்டு மறந்த மாதிரி. அதற்கு மேலே அவளுடைய நிழலே நீளமாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு மூச்சு. இடது பக்கம் ஒரு மூச்சு. கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை, அத்தனை லேசு.

டக்கென்று விரல் மரத்தில் இடித்தது.

நிமிர்ந்தாள். நீலப் பலகை! மேலே ரூபஸ், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "அடுத்த வாரம் செருப்புக்கு வேற ஆளு பாக்கணும் போலயே!"

கரையில் நூர் நிஷா துண்டைச் சுழற்றிக் கத்தினாள். சேதுலட்சுமி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த அனிட்டா கேட்டாள். "இத்தன நாளும் இடது பக்கம் அப்படி என்னதாங்கா பாத்தீக?"

"எங்க ஊர்ப் பயலுக மோட்டார் ரூம் மேலருந்து நடுக்கெணத்துலதான் குதிப்பானுக. எவன் எப்ப தலையில விழுவானோன்னு பாத்துக்கிட்டே, நடுவ இடது கைப்பக்கம் வச்சு ஓரமாச் சுத்தி நீந்திப் பழகிட்டேன். இன்னைக்குத்தான் தாயி, தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னே பாத்தேன்."